கலைவாணர் விக்கியில வேலை செய்யுறவங்க எங்க பேசணும், எப்படி முடிவெடுக்கணும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல்னு நம்ம மாவட்டத்துல அங்கங்க இருக்குற கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ரசிகர்கள் கொஞ்ச பேரு, கூடவே கல்ஃப்ல வேலை பாக்குற நம்ம ஊருக்காரங்க சிலரு, எல்லாரும் சேந்து அவரப் பத்தி ஒரு விக்கி கட்டிட்டு வாறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பிள்ளைங்க தூங்குன பிறகு உக்காந்து எழுதுத ஆளுங்கதான் எல்லாரும். இதுவரைக்கும் பேச்செல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்லயே நடந்துச்சு, இனிமே அது சரிப்படாதுன்னு தெரிஞ்சு ஒழுங்கா ஒரு பேசுற இடம் அமைக்கப் போறோம். அதச் சொன்னதும் ஆளாளுக்கு கேட்ட கேள்விங்களும் பதிலும்தான் கீழ இருக்கு.

வாட்ஸ்அப் குரூப் நல்லாத்தான ஓடுது, அது போதாதா?

போதாது. ஏன்னு ஒரு சம்பவம் சொன்னா புரியும்.

கலைவாணர் பிறந்தது 1908 நவம்பர் 29, நாகர்கோவில் ஒழுகினசேரியில. கட்டுரையில முதல்ல "தமிழ்நாட்டில் நாகர்கோவிலில் பிறந்தார்"னு இருந்துச்சு. ஒரு தம்பி வந்து அத "திருவிதாங்கூர் சமஸ்தானம்"னு மாத்துனான். அவன் சொன்னது தப்பில்ல, 1908ல நம்ம ஊரு திருவிதாங்கூர் ராஜா ஆட்சியிலதான் இருந்துச்சு, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோட சேந்தது 1956 நவம்பர் 1லதான். ஆனா விளவங்கோடு பக்கத்துல இருந்து எழுதுற ஒரு அண்ணனுக்கு அது பொறுக்கல. அவரு வீட்டுப் பெரியவங்க தமிழ்நாட்டோட சேரணும்னு நடந்த இணைப்புப் போராட்டத்துல இருந்தவங்க, 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச்சூடு நடந்த கதைய கேட்டு வளந்தவரு, "தமிழ்நாடு"ங்கிற வார்த்தைய ஒருத்தன் வெட்டுனா அவருக்கு எப்படி இருக்கும். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் குரூப்ல பேசி, ரெண்டு பேரும் மனசு வச்சு, "அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்"னு போடலாம்னு முடிவாச்சு. அந்த மாதிரி ஒரு நல்ல பேச்சு நம்ம குரூப்ல அதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல, அந்த அண்ணன்தான் கடைசியில ஒரு விஷயம் சொன்னாரு, கலைவாணர் இறந்தது 1957 ஆகஸ்ட் 30, அப்போ தாய்த்தமிழகத்தோட நம்ம மண்ணு சேந்தத அவரு கண்ணால பாத்துட்டு பத்து மாசம் கழிச்சுதான் போயிருக்காருன்னு. எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

ஆறு மாசம் கழிச்சு புதுசா வந்த ஒருத்தரு அதே வரிய திரும்ப மாத்திட்டாரு. அவரு மேல தப்பே இல்ல, அவருக்கு அந்த ராத்திரி நடந்தது தெரியாது. நாங்க தேடுனோம், கிடைக்கல. ஒருத்தரு போன் மாத்திட்டாரு, ஒருத்தரு இடம் பத்தலன்னு சாட்ட கிளியர் பண்ணிட்டாரு, மிச்ச இருந்தவங்க போன்ல குட் மார்னிங் படத்துக்கும் கல்யாண வாழ்த்துக்கும் நடுவுல அது எங்கயோ போயிட்டு. அதே சண்டைய முதல்லருந்து போட வேண்டியதாச்சு, ரெண்டாவது தடவை முதல் தடவை மாதிரி அன்பா நடக்கல. ஒருத்தரு விக்கிய விட்டே போயிட்டாரு.

எடுத்த முடிவு, அதுக்கான காரணத்தோட, அந்தக் கட்டுரைக்குப் பக்கத்துலயே இருக்கணும், நாளைக்கு வாறவன் கண்ணுலயும் படணும். வாட்ஸ்அப்ல அது நடக்காது.

அப்போ எங்கதான் பேசணும்?

ரெண்டே இடம்.

ஒரு கட்டுரையப் பத்தின எந்தப் பேச்சும் அந்தக் கட்டுரையோட பேச்சுப் பக்கத்துல. நம்ம விக்கி ஓடுற சாஃப்ட்வேரான மீடியாவிக்கில ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல "உரையாடல்"னு ஒரு டேப் இருக்கும் பாருங்க, இவ்வளவு நாளா நாம அதத் தொட்டதே கிடையாது, அதுதான் நமக்கு வேண்டியது. எழுதுற ஒவ்வொண்ணும் வரலாறுல நிக்கும், யாராவது அழிச்சாலும் திரும்ப எடுக்கலாம்.

ஒரு கட்டுரைக்குள்ள அடங்காத விஷயத்துக்கு, அதாவது விதிமுறை, பேரு எழுதுற முறை, புது யோசனை, உதவி கேக்குறது இதுக்கெல்லாம் சேத்து ஒரு பொதுப் பக்கம். தமிழ் விக்கிப்பீடியாவுல இதுக்கு ஆலமரத்தடின்னு பேரு வச்சிருக்காங்க, 2003ல தொடங்குன அந்த விக்கியில அத்தன பேரு உக்காந்து பேசுனது அந்த மரத்தடியிலதான், படிச்சுப் பாத்தா எவ்வளவு பொறுமையா ஒரு சொல்லுக்காக பேசியிருக்காங்கன்னு தெரியும். நம்ம விக்கிக்கு "திண்ணை"ன்னு வைக்கலாம்னு ஒரு அக்கா சொன்னாங்க, இன்னும் முடிவாகல.

வாட்ஸ்அப் குரூப்ப மூட மாட்டோம். ஆனா அங்க எடுக்குற எதுவும் முடிவு கிடையாது. "இந்தப் பக்கத்துல பேச்சு நடக்கு, வாங்க"ன்னு லிங்க் போடுறதுக்கும், நல்லது கெட்டது விசாரிக்கிறதுக்கும் மட்டும்.

டிஸ்கார்ட், டெலிகிராம் எல்லாம் இருக்கே, சின்னப் பிள்ளைங்க எல்லாம் அங்கதான இருக்காங்க?

காலேஜ் படிக்கிற தம்பிங்க டிஸ்கார்ட்தான் வேணும்னு கேக்குதாங்க, நியாயமான காரணமும் இருக்கு, சேனல் சேனலா பிரிச்சுக்கலாம், உடனே பதில் வரும், சேந்து உக்காந்து பழைய படம் பாத்துக்கிட்டே குறிப்பு எடுக்கலாம். டெலிகிராம்ல நம்பர மறைச்சுக்கலாம், புதுசா சேந்தவங்களுக்கு பழைய பேச்சு தெரியுற மாதிரி வைக்கலாம். ரெண்டுமே வாட்ஸ்அப்ப விட மேல்.

ஆனா ரெண்டுக்கும் ஒரே குறை, உள்ள பேசுனது கூகுள்ல தேடுனா வராது, கணக்கு இல்லாதவங்க படிக்க முடியாது. கலைவாணரோட நாடகக் கம்பெனி நாட்களப் பத்தி நாம ஒரு மாசம் ஆராய்ஞ்சு பேசுனத, மதுரையில இருக்குற ஒரு ஆராய்ச்சி மாணவி தேடுனா அவ கைக்குக் கிடைக்கணும்ல. சும்மா அரட்டைக்கு டிஸ்கார்ட் வேணும்னா வச்சுக்கிடுங்க, யாரும் தடுக்கல. முடிவுன்னு ஒண்ணு வந்தா அதப் பேச்சுப் பக்கத்துல கொண்டு வந்து எழுதணும்.

பேசுறதுக்குன்னே தனியா ஒரு சாஃப்ட்வேர் போட்டு நல்லா அழகா செஞ்சா என்ன?

செய்யலாம். பிஎச்பிபிபி, டிஸ்கோர்ஸ் மாதிரி காசில்லாம கிடைக்குற சாஃப்ட்வேர் இருக்கு. காசில்லைங்கிறது சாஃப்ட்வேருக்குத்தான், சர்வருக்கு மாசா மாசம் காசு, டொமைனுக்கு வருசா வருசம் காசு, அப்டேட் போடணும், பேக்கப் எடுக்கணும், ஸ்பேம் கணக்கு வந்து குவியும் அத அழிக்கணும். இதெல்லாம் யாரோ ஒரு ஆளு தலையிலதான் வந்து விழும். அந்த ஆளுக்கு கல்யாணம் ஆகும், வேலை மாறும், உடம்பு சரியில்லாம போகும். ஒரே ஒரு ஆள நம்பி நிக்கிற இடம் அந்த ஆளு போனா போயிரும், எனக்குத் தெரிஞ்சு ரெண்டு நல்ல ரசிகர் தளம் அப்படித்தான் ஒரு நாள் காலையில திறந்தா இல்லாம போச்சு, அதுல போட்டோவோட எழுதி வச்சிருந்த நாடகக் கலைஞர் குறிப்புங்க எல்லாம் அதோட போச்சு.

அதனால இப்போதைக்கு விக்கிக்குள்ளயே பேச்சு. இன்னொண்ணும் செய்யப் போறோம், மாசத்துக்கு ஒரு தடவை விக்கி முழுசையும் பேச்சுப் பக்கங்களோட சேத்து எக்ஸ்எம்எல் கோப்பா இறக்கி மூணு பேரு வேற வேற ஊர்ல வச்சுக்கிடணும். மூணு பேரும் ஒரே ஊர்ல இருந்தா பிரயோஜனமில்ல, 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்துல நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தத யாரும் மறக்கல. ஒரு பிரதி கண்டிப்பா வெளியூர்ல.

பொதுப் பக்கத்துல எத்தனை பிரிவு வைக்கணும்?

கொஞ்சமா. ஒருத்தரு படம், பாட்டு, நாடகம், வில்லுப்பாட்டு, மதுரம் அம்மா (கலைவாணரோட மனைவி, நடிகை டி.ஏ.மதுரம்), வசனம்னு பதினஞ்சு பிரிவு எழுதிக் கொண்டு வந்தாரு, ஆசைப்பட்டு செஞ்சதுதான், ஆனா இருபது பேரு பதினஞ்சு திண்ணையில பிரிஞ்சு உக்காந்தா எல்லா திண்ணையும் காலியாத்தான் தெரியும். முதல்ல பொதுப்பேச்சு, உதவி, முடிவான விஷயங்கள் மூணு போதும். ஒரு விஷயத்தப் பத்தி பேச்சு வழிஞ்சு ஓடுச்சுன்னா அப்போ அதுக்குத் தனியா ஒண்ணு திறக்கலாம்.

முடிவு எப்படி எடுக்கிறது, ஓட்டு போட்டா?

ஓட்டு கடைசி வழி. ஓட்டுன்னு வந்துட்டா ஆளு சேக்குற வேலை ஆரம்பிச்சுரும், அத்தான், மச்சான், கூடப் படிச்சவன் எல்லாரும் கணக்கு தொடங்கி வந்து நிப்பாங்க, விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு தோத்துப் போவாரு.

கலைவாணரோட முதல் படம் எதுன்னு ஒரு சண்டை இருக்கு, இது நம்ம விக்கியில மட்டும் இல்ல எல்லா இடத்துலயும் உண்டு. ஒரு கட்சி 1936ல வந்த சதி லீலாவதின்னு சொல்லும், இன்னொரு கட்சி 1935ல வந்த மேனகான்னு சொல்லும். ஓட்டுப் போட்டா சதி லீலாவதிதான் ஜெயிக்கும், ஏன்னா அதுதான் எம்.ஜி.ஆருக்கும் முதல் படம், எல்லாருக்கும் பேரு தெரியும். ஆனா பொறுமையா உக்காந்து பேசுனா கேள்வியே ரெண்டுன்னு புரியும், முதல்ல திரைக்கு வந்த படம் எது, முதல்ல அவர நடிக்கக் கூப்பிட்ட படம் எது. முதல் கேள்விக்கு வருசமே பதில் சொல்லுது. ரெண்டாவதுக்கு ஆதாரம் வேணும், அந்தக் காலப் பத்திரிகையோ கூட நடிச்சவங்க எழுதுனதோ காட்டணும், காட்டுற வரைக்கும் கட்டுரையில "முதலில் வெளியான படம்"னு மட்டும் எழுதலாம். யாரும் தோக்கல பாருங்க.

முறை இதுதான். மாத்தணும்னு நினைக்கிறவரு என்ன மாத்தணும், ஏன், எந்த ஆதாரத்த வச்சுன்னு பேச்சுப் பக்கத்துல எழுதணும். பதினாலு நாள் திறந்திருக்கும். ஏழு நாளு போதும்னு முதல்ல நினைச்சோம், நம்ம கூட தூத்தூர் பக்கத்துல இருந்து ஆழ்கடலுக்குப் போற ஒரு அண்ணன் இருக்காரு, கடலுக்குப் போனா வாரக்கணக்குல கரைக்கு வர மாட்டாரு, பழைய பாட்டு விஷயத்துல அவரு அளவுக்கு ஞாபகம் உள்ளவரு நம்ம கூட்டத்துல யாரும் கிடையாது. அவரு "நான் கடல்ல இருக்கேன், வந்து சொல்லுதேன்"னு முன்கூட்டியே எழுதி வச்சா அவருக்குத் தெரிஞ்ச விஷயத்துல காத்திருக்கணும், பதினாலு நாள்ங்கிறது அவருக்குக் கதவ அடைக்கிறதுக்காக வச்சது கிடையாது. கல்ஃப்ல உள்ளவங்களுக்கும் லீவு நாள் ஒரு தடவையாவது அதுக்குள்ள வந்துரும்.

பேச்சு முடிஞ்சதும், அந்த வாதத்துல கலந்துக்காத ஒருத்தரு நாலு வரியில முடிவ எழுதி மூடணும். ஒத்து வராதவங்க என்ன சொன்னாங்கங்கிறதையும் அதுல எழுதணும். புது ஆதாரம் கிடைச்சா எப்ப வேணும்னாலும் திரும்பத் திறக்கலாம். புது ஆதாரம் இல்லாம "எனக்குப் பிடிக்கல"ன்னு திறக்க முடியாது.

எங்க தாத்தா கலைவாணர நேர்ல பாத்திருக்காரு, அவரு சொன்னத எழுதலாமா?

தயவுசெஞ்சு எழுதுங்க, சீக்கிரம் எழுதுங்க. 1957ல பத்து வயசுப் பிள்ளையா இருந்தவங்களுக்கு இன்னைக்கு எண்பது ஆகப் போகுது. ஒழுகினசேரியிலயும் வடசேரியிலயும் தெருவுல நடந்து போனவர கண்ணால பாத்த ஆளுங்க இன்னும் கொஞ்ச பேருதான் இருக்காங்க, நமக்கு இருக்குற பெரிய சொத்து இதுதான், வேற எந்த ஊரு ரசிகருக்கும் இது கிடையாது. எனக்கு இந்த விக்கியில இருக்குற வேலையிலயே மனசுக்கு நெருக்கமானது இதுதான்.

ஆனா எழுதுற விதம் ஒண்ணு இருக்கு. நேரா கட்டுரையில உண்மைன்னு எழுதாதீங்க. தாத்தா பேசுறத போன்ல பதிவு பண்ணுங்க, பதிவு பண்ணப் போறோம், எல்லாரும் படிப்பாங்கன்னு அவருகிட்ட முதல்லயே சொல்லி சம்மதம் வாங்குங்க, பேரு போடலாமா வேண்டாமான்னும் கேளுங்க. பிறகு அவரு சொன்னபடியே, அவரு வார்த்தையிலயே, பேச்சுப் பக்கத்துல எழுதுங்க. "இன்ன ஊர்ல இருக்குற ஒரு பெரியவர் சொன்னது"ன்னு எழுதுனா போதும். அதுக்குக் கீழ மத்தவங்க தேதி, இடம், ஆளு பேரு ஒத்துப் போகுதான்னு பாப்பாங்க. ஞாபகத்துல வருசம் மாறும், ரெண்டு சம்பவம் ஒண்ணாச் சேந்துரும், பெரியவங்க பொய் சொல்லுதாங்கன்னு அர்த்தம் கிடையாது.

அந்த இடத்துல பேசுற தொனி ரொம்ப முக்கியம். ஒரு மாமா ஒரு தடவை சின்ன வயசுல பாத்த ஒரு கூட்டத்தப் பத்தி வாய்ஸ் நோட் போட்டாரு, உடனே ஒரு தம்பி "அந்த வருசம் அவரு ஜெயில்ல இருந்தாரு, தப்பு"ன்னு ஒரே வரியில போட்டுட்டான். மாமா அதுக்கப்புறம் வாயே திறக்கல. தம்பி சொன்ன தேதி சரிதான், ஆனா "மாமா, அது 47க்கு அப்புறமா இருக்குமோ, நீங்க அப்போ எந்த வகுப்பு படிச்சீங்க"ன்னு கேட்டிருந்தா இன்னும் பத்து கதை கிடைச்சிருக்கும். வில்லுப்பாட்டுல அண்ணாவி ஒரு வரி சொன்னா கூட இருக்குறவங்க ஆமா போடுவாங்கல்ல, அந்த ஆமாதான் அவர அடுத்த வரிக்குக் கொண்டு போகும். முதல்ல ஆமா போடுங்க, பிறகு கேளுங்க.

லட்சுமிகாந்தன் வழக்கு பத்தி விக்கியில இருக்கணுமா? ரசிகர்கள்தான நாம?

இருக்கணும். இதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது.

நடந்தது என்னன்னா, 1944 நவம்பர்ல சென்னையில பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால குத்துப்பட்டு இறந்தாரு, அடுத்த மாசம் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானாங்க, 1945ல ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை, ஐகோர்ட்லயும் தண்டனை நின்னுச்சு, பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் மேல்முறையீடு போயி அங்க வழக்க மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்புனாங்க, 1947 ஏப்ரல்ல ஐகோர்ட்டு ரெண்டு பேரையும் விடுதலை பண்ணுச்சு. ரெண்டு வருசத்துக்கு மேல உள்ள இருந்தாரு. இத எழுதாம விட்டா 1945, 46ல அவரு எங்க போனாருன்னு படிக்கிறவன் கேப்பான், எழுதாத இடத்துல வதந்திதான் வந்து உக்காரும். அந்த ஜெயில்ல இருந்து திரும்பி வந்து மறுபடியும் ஜனங்கள சிரிக்க வச்சாரு, படம் இயக்குனாரு, கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தாரு, அந்தப் பெருமை புரியணும்னா வழக்கு தெரிஞ்சிருக்கணும்.

ஆனா அந்தப் பேச்சுப் பக்கத்துக்கு மட்டும் கடுமையான விதி உண்டு. கோர்ட்டு சொன்ன படிகள மட்டும் எழுதணும். "உண்மையில யாரு செஞ்சா"ங்கிற ஊகத்துக்கு அங்க இடம் கிடையாது, அவங்க வாரிசுங்க எல்லாம் இன்னைக்கும் இருக்காங்க.

அரசியல், ஜாதி, மதம்?

கலைவாணர் பேசுன அரசியலப் பேசாம அவரப் பத்தி எழுத முடியாது, அவரு நகைச்சுவையே மூடநம்பிக்கையையும் குடியையும் எதுத்துத்தான் நின்னுச்சு, அண்ணாவோட நட்பு, காந்தி மேல இருந்த பக்தி ரெண்டும் சேந்ததுதான் அவரு. அதப் பத்தி ஆதாரத்தோட எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. இன்னைக்கு நடக்குற தேர்தல், இன்னைக்கு உள்ள கட்சி, எழுதுற ஆளோட ஜாதி மதம், இது மூணும் வரக்கூடாது. நம்ம மாவட்டத்துல கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கு, நம்ம கூட்டத்துலயும் எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் இருக்காங்க. ஒருத்தரு பேர வச்சு "நீ இப்படித்தான் எழுதுவ"ன்னு யாராவது சொன்னா அன்னைக்கே அந்தக் கணக்கு நிறுத்தப்படும், எச்சரிக்கை எல்லாம் கிடையாது.

நம்ம ஊரு தமிழ்ல எழுதலாமா? எனக்குத் தமிழ்ல டைப் பண்ண வராது.

பேச்சுப் பக்கத்துல எப்படி வேணும்னாலும் எழுதுங்க மக்ளே. நாஞ்சில் நாட்டுத் தமிழ், விளவங்கோடு தமிழ், மலையாளம் கலந்தது, இங்கிலீஷ் எழுத்துல தமிழ், எல்லாம் சரி. எழுத்துப்பிழைய யாரும் யாருக்கும் திருத்தக் கூடாது, கட்டுரையில திருத்தலாம், பேச்சுல கூடாது. போன்ல மைக் பட்டன அமுக்கிப் பேசுனா தமிழ்லயே எழுத்து வந்துரும், வயசானவங்களுக்கு அதச் சொல்லிக் குடுங்க. கட்டுரை மட்டும் எல்லா ஊரு தமிழருக்கும் புரியுற பொதுத்தமிழ்ல இருக்கணும்.

பேச்சுப் பக்கத்துல எழுதுறது எப்படி?

உரையாடல் டேப்ப அமுக்கி, புதுத் தலைப்பு சேத்து எழுதுங்க. எழுதி முடிச்சு கடைசியில நாலு தடவை டில்டே குறி (~) போட்டா உங்க பேரும் நேரமும் தானா விழும். அடுத்தவங்களுக்குப் பதில் சொல்லும்போது வரிக்கு முன்னால ஒரு முக்காற்புள்ளி (:) போட்டா உள்ள தள்ளி நிக்கும். மத்தவங்க எழுதுனத அழிக்காதீங்க. நீங்க எழுதுனது தப்புன்னு தெரிஞ்சா அதையும் அழிக்காதீங்க, குறுக்கக் கோடு போட்டு கீழ சரியானத எழுதுங்க, இல்லன்னா உங்களுக்குப் பதில் சொன்னவரு காத்துல பேசுன மாதிரி ஆயிரும்.

படம், போஸ்டர், பாட்டுப் புத்தகம் எல்லாம் ஏத்தலாமா?

ஏத்துறதுக்கு முன்னால உதவிப் பக்கத்துல கேளுங்க. இந்தியச் சட்டப்படி படத்துக்கு வெளிவந்த வருசத்துக்கு அடுத்த வருசத்துல இருந்து 60 வருசம் உரிமை, எழுத்துக்கு எழுதுனவரு இறந்த பிறகு 60 வருசம். கலைவாணரே எழுதுனதுக்கு 2017 கடைசியோட முடிஞ்சாச்சு. ஆனா அவரு பாடுன பாட்டுல நிறைய உடுமலை நாராயணகவி எழுதுனது, அவரு இறந்தது 1981, அப்போ சட்டத்துல உள்ள பொதுக் கணக்குப்படி அந்த வரிகளோட உரிமைக் காலம் 2041 கடைசியிலதான் முடியும். பாடுனது கலைவாணர்தானன்னு முழுப் பாட்டையும் தட்டிப் போட்டுறாதீங்க, ரெண்டு வரி எடுத்துக்காட்டி விளக்கம் எழுதலாம். ஒழுகினசேரியில இருக்குற கலைவாணர் வீடு மதுரபவனம் மாதிரி இடங்கள நீங்களே போய் ரோட்டுல நின்னு எடுத்த போட்டோவா இருந்தா ரொம்ப நல்லது. ஃபேஸ்புக்ல பாத்தேன், யாரு எடுத்ததுன்னு தெரியாதுன்னா வேண்டாம்.

யாரு மேற்பார்வை பாக்குறது? அவங்களே சண்டை போட்டா?

குறைஞ்சது மூணு பேரு, அதுல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும், மூணு பேரும் ஒரே ஊரா இருக்கக் கூடாது. ஒரு வாதத்துல கலந்துக்கிட்டவரு அந்த வாதத்துக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. எதையாவது நீக்குனா ஏன் நீக்குனோம்னு ஒரு வரி எழுதணும். வருசத்துக்கு ஒரு தடவை மூணு பேரும் இறங்கி, வேணும்னா திரும்பக் கேட்டு வரணும்.

பெண் ஒருத்தர் ஏன்னு சிலரு கேட்டாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இருந்த ஒரு தங்கச்சி, மதுரம் அம்மா பத்தி அருமையா எழுதிக்கிட்டு இருந்தவ, திடீர்னு குரூப்ப விட்டுப் போனா. பல மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, குரூப்ல இருந்து அவ நம்பர எடுத்து ஒருத்தன் ராத்திரி ராத்திரி கூப்பிட்டிருக்கான், யாருகிட்ட சொல்லணும்னு அவளுக்குத் தெரியல, இருந்த அட்மின் எல்லாம் ஆம்பளைங்க, அதுல ரெண்டு பேரு அவனோட கூட்டாளிங்க. நாங்க பாக்காம விட்டது, எங்க தப்பு. விக்கியில புனைபேருல கணக்கு தொடங்கலாம், நம்பர் யாருக்கும் தெரியாது, இனிமே யாரும் யாருகிட்டயும் நம்பர் கேக்கக் கூடாது. புகார் வந்தா முதல்ல புகார் சொன்னவங்க பக்கம் நிக்கணும், அப்புறம் விசாரணை. அந்தத் தங்கச்சி எழுதிப் பாதியில நின்ன கட்டுரைய வேற யாரும் தொடல, அவ வந்து முடிப்பான்னு அப்படியே வச்சிருக்கோம்.

ஸ்கூல் பிள்ளைங்க சேரலாமா?

படிக்கலாம், எழுதவும் செய்யலாம், ஆனா வீட்டுல தெரிஞ்சு. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருந்தா பிள்ளைங்கதான், அவங்க விவரத்த வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும். நாம வயசோ ஸ்கூல் பேரோ போட்டோவோ வாங்கவே போறதில்ல. பெரியவங்க யாரும் பிள்ளைங்களோட தனியா மெசேஜ்ல பேசக் கூடாது, சொல்லிக் குடுக்குறத எல்லாம் பேச்சுப் பக்கத்துலயே சொல்லிக் குடுங்க.

நேர்ல கூடுறது உண்டா?

உண்டு, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்ல. சந்திச்சா மனசு இளகும், எழுத்துல முட்டிக்கிட்ட ரெண்டு பேரு ஒரு சாயா குடிச்சு பழம்பொரி தின்னுட்டு சிரிச்சுப் பேசிட்டுப் போனத நானே பாத்திருக்கேன். ஆனா அங்க பேசுனத மறுநாளைக்குள்ள ஒருத்தரு எழுதிப் போடணும், முடிவு அங்க எடுக்கக் கூடாது. குவைத்துல இருக்குறவரும் கடல்ல இருக்குறவரும் அந்த மேசையில இல்ல.

எப்போ தொடங்குது, நான் இப்போ என்ன செய்யணும்?

முதல் வேலை பழைய முடிவுகளத் தேடி எழுதுறது. உங்க போன்ல பழைய குரூப் சாட் இருந்தா அழிச்சுறாதீங்க, அதுல இருந்து என்ன முடிவாச்சுங்கிறத மட்டும் எடுத்துக் குடுங்க, ஸ்கிரீன்ஷாட்ட அப்படியே பொதுவுல போடாதீங்க, அதுல மத்தவங்க நம்பரும் சொந்த விஷயமும் இருக்கும். பிறந்த ஊரு வரிய ரெண்டு தடவை பேசி முடிச்சத நானே கலைவாணர் கட்டுரையோட பேச்சுப் பக்கத்துல எழுதி வச்சுட்டேன், விளவங்கோடு அண்ணன் அதுக்குக் கீழ அந்தப் பத்து மாசக் கணக்க அவரு கையாலேயே சேத்திருக்காரு. அடுத்தது முதல் படம் விவகாரம், அந்தத் தலைப்பு திறந்து கிடக்கு, 1935, 36 காலத்துப் பத்திரிகைப் பக்கமோ பழைய பாட்டுப் புத்தகமோ யாரு வீட்டுப் பரணுலயாவது இருந்தா இறக்கிப் பாருங்க.